மலிவான மாத்திரையின் கணக்கு

தமிழ்நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீட்டப்படும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வாசகம் இருக்கும்: இது தமிழ்நாடு அரசு விநியோகம், விற்பனைக்கு அல்ல. அதை அச்சிட வேண்டியது மருந்துக் கம்பெனியின் பொறுப்பு. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே அந்த நிபந்தனை உண்டு. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை பின்வாசல் வழியாகக் கடைத்தெருவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்க இத்தனை முன்யோசனை வேண்டுமா என்றால், வேண்டும். அரசு எதையும் மலிவாக வாங்கியதாகச் சொல்வதற்கு முன்னால், வாங்கிய பொருள் யாருக்காக வாங்கப்பட்டதோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அரசுகள் பொருளும் சேவையும் வாங்கச் செலவிடும் தொகை சாதாரணமானதல்ல. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த நாடுகளில் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 முதல் 13 சதவீதம். செலவைக் குறைக்க நினைக்கும் எந்த நிதி அமைச்சரின் பார்வையும் இங்கே விழுவது இயல்பு. அப்போது சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் இரண்டு. எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஓரிடத்தில் வாங்குவது. டெண்டரை இணையத்தில் நடத்துவது. இரண்டுமே நல்ல யோசனைகள். ஆனால் விலை எங்கே, எதனால் குறைகிறது என்று தேடிப் போனால், டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலைகளில்தான் அதற்கு விடை கிடைக்கிறது. இதைப் புரிந்துகொள்ள இந்தியாவில் தமிழ்நாட்டின் மருந்துக் கொள்முதலைவிடப் பொருத்தமான உதாரணம் குறைவு.

1990களின் தொடக்கம் வரை இங்கே மருத்துவக் கல்வி, மருத்துவப் பணிகள், பொது சுகாதாரம் என்று தனித்தனி இயக்ககங்கள். மருந்து வாங்குவதும் சிதறிக் கிடந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து மலைபோல் குவிந்து காலாவதியாகும். பக்கத்து ஊரில் அதே மருந்து இருக்காது. சப்ளை செய்தவருக்குப் பணம் எப்போது வரும் என்பது அவருக்கும் தெரியாது, வாங்கிய அதிகாரிக்கும் தெரியாது. இந்த நிலையில்தான் 1994-இல் கம்பெனிகள் சட்டத்தின் கீழ், அரசுக்குச் சொந்தமான நிறுவனமாகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது.

கழகம் முதலில் கைவைத்தது பட்டியலில். உலக சுகாதார நிறுவனம் 1977-லேயே அத்தியாவசிய மருந்துகளின் மாதிரிப் பட்டியலை வெளியிட்டிருந்தது. சந்தையில் ஆயிரக்கணக்கான பிராண்டுகள் இருந்தாலும், பெரும்பாலான நோய்களுக்குச் சில நூறு மருந்துகள் போதும் என்பதே அதன் அடிப்படை. தமிழ்நாடும் அந்த வழியில் போனது. பிராண்டு பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பொதுப்பெயரில் சில நூறு இனங்களைக் கொண்ட ஒரு பட்டியல் தயாரானது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒரே மாத்திரையைப் பத்து பிராண்டுகளாகப் பிரித்து வாங்கினால், ஒவ்வொரு விற்பனையாளரிடமும் அரசு சில்லறை வாடிக்கையாளர். ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால், மாநிலம் முழுவதன் ஓராண்டுத் தேவையும் ஒரே ஆர்டர். பேரம் பேசும் பலம் பிறப்பது இங்கேதான்.

அடுத்தது டெண்டர். இரண்டு உறைகள்: முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறையை யாரும் பிரிப்பதில்லை. மருந்தை உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கே முன்னுரிமை. இடைத்தரகு ஏஜென்சிகளுக்கு வழியில்லை. நல்ல உற்பத்தி முறைக்கான சான்றிதழ், சந்தையில் சில ஆண்டு அனுபவம், குறிப்பிட்ட அளவு ஆண்டு விற்பனை ஆகியவை கட்டாயம். மிகக் குறைந்த விலை சொன்னவரை டெண்டர் உலகம் எல்-1 என்று அழைக்கும். அவரால் முழு அளவையும் கொடுக்க முடியாமல் போகலாம் என்பதால், அதே விலைக்கு இறங்கி வரச் சம்மதிக்கும் மற்றவர்களுக்கும் ஆர்டரில் பங்கு உண்டு.

இனி மாவட்டக் கிடங்கு. லாரியில் வந்திறங்கும் பெட்டிகள் உடனே விநியோகத்துக்குப் போவதில்லை. தனியாக அடுக்கி நிறுத்தி வைக்கப்படும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி அடையாளத்தை மறைத்து, ரகசியக் குறியீட்டு எண் போட்டு, பட்டியலில் உள்ள ஆய்வகங்களில் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். பரிசோதிப்பவருக்குத் தன் மேஜையில் இருப்பது யாருடைய மாத்திரை என்று தெரியாது. தேறியது என்ற அறிக்கை வந்த பிறகே அந்த பேட்ச் கிடங்குக் கணக்கில் ‘கொடுக்கலாம்’ என்ற நிலைக்கு மாறும். தேறாவிட்டால் கம்பெனி தன் செலவில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மறுபடி மறுபடி தவறினால் கருப்புப் பட்டியல்.

பாஸ்புக் இதில் இன்னொரு எளிய கருவி. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்த ஆண்டுக்கான மருந்து ஒதுக்கீடு ரூபாய்க் கணக்கில் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டது. மருந்தாளுநர் கிடங்குக்கு வந்து தன் ஊருக்கு வேண்டியதை எடுப்பார். எடுத்ததன் மதிப்பு கழிக்கப்பட்டு மீதி எழுதப்படும். என்ன வேண்டும் என்பதைச் சென்னை தீர்மானித்து அனுப்பவில்லை. பாம்புக்கடி அதிகமுள்ள ஊர்க்காரர் அதற்கான மருந்தை அதிகம் எடுக்கலாம். மலையடிவார நிலையத்தின் தேவையும் கடற்கரை நிலையத்தின் தேவையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விலை பேசுவதும் தரம் பார்ப்பதும் மையத்தில், எடுப்பது ஊரில் என்று பிரித்ததுதான் இந்த அமைப்பின் அறிவுக்கூர்மை. மருந்து ஒதுக்கீட்டின் பெரும்பகுதி கழகத்திடம் இருக்க, ஒரு சிறு பகுதி, வழக்கமாகப் பத்து சதவீதம், அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரியிடமே விடப்பட்டது. கிடங்குகளின் இருப்பைக் கணினியில் பார்க்கும் வசதியும் தொடக்க ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. இணையவழி டெண்டர் இந்தியாவில் பரவுவதற்கு முந்தைய காலம் அது.

இத்தனைக்கும் நடுவில் எளிதில் கண்ணில் படாத ஒன்று, பணம் கொடுக்கும் முறை. அரசு மருந்துக்கான தொகையை முன்கூட்டியே கழகத்திடம் ஒப்படைத்ததால், சரக்கு வந்து தரச் சோதனையில் தேறியதும் கம்பெனிக்குப் பணம் கொடுக்கக் கழகத்தால் முடிந்தது. அரசுக்கு விற்பவர்கள் விலை குறிக்கும்போது மூலப்பொருள், கூலி, லாபத்தோடு இன்னொன்றையும் சேர்த்துத்தான் குறிப்பார்கள். பில் எத்தனை மாதம் தூங்கும், அதுவரை வங்கிக்கு எவ்வளவு வட்டி கட்ட வேண்டும், பில்லை நகர்த்த எத்தனை மேஜைகளுக்குப் போக வேண்டும் என்ற கணக்கு அது. அந்தப் பயம் நீங்கினால் விலையின் ஒரு பகுதி பேரம் பேசாமலே இறங்கும். தாமதமாகப் பணம் கொடுக்கும் அரசு எத்தனை நவீன இணையதளம் வைத்திருந்தாலும், அந்தத் தாமதத்துக்கான விலையைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது. நேர்மையாகத் தொழில் நடத்தும் சிறு உற்பத்தியாளர் இப்படிப்பட்ட டெண்டர்களிலிருந்து ஒதுங்கிவிடுகிறார் என்பது அதைவிடப் பெரிய இழப்பு.

மொத்தமாக வாங்கும் இந்த யோசனைக்குத் தமிழ்நாட்டுக்கு முன்பே மிக அருகில் ஒரு முன்னோடி இருந்தது. இலங்கையில் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் இடதுசாரித் தலைவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. இறக்குமதியாகிக்கொண்டிருந்த சுமார் 2,100 மருந்துகளை ஏறத்தாழ 600 ஆகச் சுருக்கினார்கள். உலகச் சந்தையில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கினார்கள். அந்நியச் செலாவணி மிச்சமானது. பன்னாட்டுக் கம்பெனிகளின் எதிர்ப்பும் அதே அளவுக்குக் கடுமையாக இருந்தது. 1977-இல் ஆட்சி மாறியது. கூட்டுத்தாபனத்தின் ஏகபோக இறக்குமதி அதிகாரம் தளர்த்தப்பட்டது. பிபிலே அதே ஆண்டு கயானாவில் காலமானார். ஒரு கொள்முதல் சீர்திருத்தம் எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்பட்டாலும், ஆட்சி மாறும்போது தாக்குப்பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. தமிழ்நாட்டுக் கழகம் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கி, 1996-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதியின் காலத்திலும், பின்னர் மாறி மாறி வந்த ஆட்சிகளிலும் கலைக்கப்படாமல் தொடர்ந்தது. எதிரெதிர் கட்சிகள் மற்றவர் தொடங்கியதைக் காப்பாற்றிய அபூர்வமான நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. அதற்காக இரு தரப்பையும் மனமாரப் பாராட்ட வேண்டும்.

மையப்படுத்துவதால் எவ்வளவு மிச்சமாகும், ஏன் மிச்சமாகும் என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியில் கான்சிப் என்ற அரசு நிறுவனம், மற்ற அரசு அலுவலகங்கள் விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளும்படி கம்ப்யூட்டர், நாற்காலி, காகிதம் போன்றவற்றுக்கு விலை ஒப்பந்தங்கள் போட்டு வைக்கிறது. பண்டியேரா, பிராட், வல்லெட்டி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இந்தக் கொள்முதல்களை ஆராய்ந்து 2009-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதே பொருளுக்கு ஓர் அலுவலகம் இன்னொன்றைவிட வெகு அதிக விலை கொடுப்பதை அவர்கள் கண்டார்கள். வியப்பான முடிவு அதற்கு அடுத்தது. வீணாகும் பணத்தில் சுமார் 83 சதவீதத்துக்குக் காரணம் லஞ்சம் அல்ல. எப்படி வாங்குவது என்று தெரியாமை, அக்கறையின்மை, விதிகளின் சுமை. லஞ்சத்தைப் பிடித்தால் போதும், செலவு குறைந்துவிடும் என்று நம்புவோர் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும். வாங்கத் தெரிந்த ஆட்களை உருவாக்குவது, பிடிக்கத் தெரிந்த ஆட்களை உருவாக்குவதற்குக் குறைவான வேலை அல்ல.

லஞ்சத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996-இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகர நிர்வாகம், ஊழலைக் கட்டுப்படுத்துவதற்காக, தன் பொது ஆஸ்பத்திரிகள் ஸ்பிரிட் போன்ற சாதாரணப் பொருள்களை என்ன விலைக்கு வாங்குகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம் ஆஸ்பத்திரிகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. இதை ஆராய்ந்த டி தெல்லா, ஷார்க்ரோட்ஸ்கி இருவரும், முதல் ஒன்பது மாதங்களில் விலை சுமார் 15 சதவீதம் இறங்கியதாகக் கணித்தார்கள். கொள்முதலை யாரும் மையப்படுத்தவில்லை, மென்பொருளும் வாங்கவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியின் விலை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தியாவில் இணைய டெண்டர் வேறொரு வலிக்கு மருந்தாக வந்தது. டெண்டர் படிவம் வாங்க அலுவலகத்துக்குப் போகும் ஒப்பந்ததாரரை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பும் ஆட்கள் ஒரு காலத்தில் பல ஊர்களில் இருந்தார்கள். டெண்டர் பெட்டி வைத்திருந்த அறைக்குள் போவதே வீரச்செயல். தமிழ்நாடு 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றி, டெண்டர் அறிவிப்புகளைத் தனிச் செய்திமலரில் வெளியிட வேண்டும், நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும் என்றெல்லாம் விதித்தது. ஆந்திரப் பிரதேசம் 2003-இல் மின்னணுக் கொள்முதலைத் தொடங்கியபோது, 90 முதல் 135 நாள் வரை இழுத்துக்கொண்டிருந்த டெண்டர் நடைமுறை 35 நாளுக்குக் குறைந்தது. வெளியூர் ஒப்பந்ததாரர் தன் வீட்டிலிருந்தே விலை குறிக்க முடிந்தது. இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் விலை? இந்தியாவின் கிராமச் சாலைத் திட்டத்திலும் இந்தோனேசியாவின் பொதுப்பணிகளிலும் இணைய டெண்டர் வந்ததற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று ரோகிணி பாண்டே, பெஞ்சமின் ஓல்கன் உள்ளிட்ட நால்வர் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வு, விலை குறைந்ததற்கான சான்று இல்லை என்றது. குறைந்தது வேறு: இந்தோனேசியாவில் வேலை முடிவதில் தாமதம். கூடியது: இந்தியாவில் சாலைகளின் தரம். வெளிப் பகுதிகளைச் சேர்ந்த ஒப்பந்ததாரர்கள் வெல்வதும் அதிகரித்தது. அதே பணத்துக்கு நல்ல சாலை கிடைப்பதும் சிக்கனம்தான். ஆனால் அது நிதிநிலை அறிக்கையில் மிச்சமாகத் தெரியாது. இணையத்தில் டெண்டர் விட்டால் முதலாண்டிலேயே செலவு இத்தனை சதவீதம் குறையும் என்று வாக்குக் கொடுக்கிறவர்கள் இந்த ஆய்வைப் படிப்பது நல்லது.

மென்பொருளும் தவறாமைக்கு உத்தரவாதமில்லை. மத்தியப் பிரதேசத்தில் குடிநீர்த் திட்ட டெண்டர்களில் இணையதளத்துக்குள்ளேயே விலைப்புள்ளிகள் மாற்றப்பட்டன என்று 2018-இல் புகார் எழுந்தது. சுமார் 3,000 கோடி ரூபாய் மதிப்புள்ள 9 டெண்டர்கள் தொடர்பாக 2019-இல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. தென் கொரியா 2002-இல் நாடு முழுவதற்குமான மின்னணுக் கொள்முதல் தளத்தைத் திறந்தது. ஒருவரின் டிஜிட்டல் சான்றிதழை இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்துவதைத் தடுக்கப் பிற்பாடு கைரேகையையே கேட்க வேண்டி வந்தது. பூட்டு போட்ட பெட்டிக்கு எவ்வளவு காவல் வேண்டுமோ அவ்வளவு காவல் சர்வருக்கும் வேண்டும்.

மத்திய அரசு 2016-இல் அரசு மின் சந்தையைத் தொடங்கியது. பிரிட்டிஷ் காலப் பாரம்பரியம் கொண்ட மத்தியக் கொள்முதல் இயக்ககம் 2017-இல் மூடப்பட்டது. புதிய தளத்தில் நடக்கும் வர்த்தகம் 2023-24-இல் 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்தத் தளத்தால் மிச்சமாகும் பணம் பற்றிச் சொல்லப்படும் எண்களை வாசிக்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த விலையோடு ஒப்பிட்டு மிச்சம்? அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையோடு ஒப்பிட்டால் எந்தக் கொள்முதலும் லாபமாகவே தெரியும். போன ஆண்டு அதே அலுவலகம் கொடுத்த விலையோடோ, பக்கத்து மாநிலம் இந்த ஆண்டு கொடுத்த விலையோடோ ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

மருந்துக்கே திரும்புவோம். தமிழ்நாட்டைப் பார்த்துக் கேரளம் 2007-இல் தன் மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கியது. ராஜஸ்தான் 2011-இல் உருவாக்கி, அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. பீகாரின் அனுபவம் வேறு. அங்கே மாநில அளவில் விலையை முடிவு செய்துவிட்டு, ஆர்டர் கொடுப்பதையும் பணம் கொடுப்பதையும் மாவட்டங்களிடம் விட்ட ஒரு கட்டம் இருந்தது. பீகாரையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், தமிழ்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் பட்டியல் மருந்துகளில் பத்தில் எட்டுக்கு மேல் இருந்தன. பீகாரில் பாதிக்கும் குறைவு. பட்டியலில் மலிவான விலை இருக்கிறது, அலமாரியில் மருந்து இல்லை என்றால், நோயாளி வெளிக்கடையில் முழு விலை கொடுக்கிறார். இந்தியக் குடும்பங்கள் மருத்துவத்துக்குத் தம் கையிலிருந்து செலவிடுவதில் மிகப் பெரிய பங்கு மருந்துக்கே போகிறது. அலமாரியில் இல்லாத மருந்து அரசின் புத்தகத்தில் சிக்கனம். நோயாளியின் குடும்பப் புத்தகத்தில் அது கடன்.

தமிழ்நாட்டிலும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆய்வக அறிக்கை தாமதமாவதையும், மருந்து காலாவதியாவதையும், பற்றாக்குறையால் உள்ளூர்க் கொள்முதல் கூடுவதையும் தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கைகள் சுட்டிக்காட்டியிருக்கின்றன. மிகக் குறைந்த விலைக்கு ஆர்டர் எடுத்த கம்பெனி, மூலப்பொருள் விலை ஏறியதும் சப்ளையை நிறுத்திவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அபராதம் போடலாம், கருப்புப் பட்டியலில் சேர்க்கலாம். அந்த மாதம் இன்சுலின் வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. மையக் கொள்முதலின் பலவீனம் இதுதான். ஒரு டெண்டர் தாமதமானால் மாநிலம் முழுக்கத் தட்டுப்பாடு. அதனால்தான் இரண்டாம், மூன்றாம் சப்ளையர்களை எல்-1 விலையில் வைத்திருப்பதும், கிடங்கில் சில மாத இருப்பைக் குறையாமல் காப்பதும் வீண்செலவாகக் கருதப்படக் கூடாது. இருப்பில் முடங்கும் பணத்தை மிச்சப்படுத்தப் போய் இந்தப் பாதுகாப்பைக் கைவிடும் எந்த அரசும் மையக் கொள்முதலின் பலனையே இழக்கும்.

தமிழ்நாடு, கேரளம், ராஜஸ்தான் கழகங்களின் இணையதளங்களில் மருந்துகளின் ஒப்பந்த விலை வெளியாகிறது. அடுத்த படி கடினமானதல்ல. எல்லா மாநிலங்களும் ஒரே படிவத்தில் மூன்று விவரங்களை மாதந்தோறும் வெளியிட வேண்டும்: ஒவ்வொரு மருந்துக்கும் கொடுத்த விலை, தரச் சோதனை முடிந்து எத்தனை நாளில் பணம் போனது, எந்தக் கிடங்கில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது. இந்த விவரங்கள் கணினியில் ஏற்கெனவே பதிவாகின்றன. வெளியிடப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களும் பத்திரிகைகளும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.